ஆறு துளையும் பொருந்தியது, அரை மில்லிமீட்டர் பொருந்தவில்லை

நம் ஊரில் ரிம் மாற்றுவது அழகுக்காக. மைவிக்கு ஒரு ஸ்போர்ட் ரிம் போட்டால் வண்டி எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். கனடாவில் ரிம் மாற்றுவது உயிருக்காக என்பதைக் கடந்த அக்டோபரில்தான் கற்றுக்கொண்டேன். அதைக் கற்றுக்கொள்ள என் மாமாவின் வண்டியில் ஒரு ஸ்டட்டைப் பாழாக்க வேண்டியிருந்தது.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்க அல்பர்ட்டா மாநிலத்தின் எட்மண்டன் நகருக்குப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி அங்கே குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. விடுதிச் செலவு மிச்சம், சோறும் கிடைக்கும் என்று மாமா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன்.

மாமாவுக்கு வடக்கே ஃபோர்ட் மெக்மரியில் வேலை. எண்ணெய் மணல் எடுக்கும் தளத்தில் இயந்திரங்களைப் பராமரிக்கிறார். எட்மண்டனிலிருந்து ஏறத்தாழ 430 கிலோமீட்டர். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். போகும் வழியில் பெரும்பகுதி காட்டுக்கு நடுவே செல்லும் 63ஆம் எண் நெடுஞ்சாலை. குளிர்காலத்தில் அந்தச் சாலையில் பனி மட்டுமல்ல, பனி உருகி மறுபடி உறைந்த கண்ணாடி போன்ற ஐஸும் இருக்கும். அதில் ஓட வேண்டிய வண்டி, மாமாவின் 2019 மாடல் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்.

குளிர்காலத்துக்குத் தனிச் சக்கரம் ஏன்?

இங்குள்ள நண்பர்கள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. டயர் என்பது ரப்பர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் கலவை வேறு. கடுங்குளிரிலும் அது மென்மையாக இருக்கும். அதன் பட்டைகளில் சிறு சிறு கீறல்கள் நிறைய இருக்கும், அவை பனியைக் கவ்வும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனிப்பூவும் அச்சிடப்பட்டிருந்தால், அது பனிக்கான சோதனையில் தேறிய டயர் என்று பொருள்.

ஒவ்வோர் ஆண்டும் ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாற்றுவது வீண் செலவு. அதனால் அங்கே பலர் குளிர்கால டயரைத் தனி ரிம்மில் பொருத்தி, ஒரு முழு செட்டாகவே வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் ஒரு செட், ஏப்ரலில் மறு செட். ஜாக்கியும் ஸ்பேனரும் இருந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

மாமாவிடம் முன்பு 2012 மாடல் எஃப்-150 இருந்தது. அதை விற்றபோது அதன் குளிர்காலச் சக்கரங்களை மட்டும் வைத்துக்கொண்டார். வாங்கிய புதிய வண்டியில் வந்தவை 20 அங்குல ரிம். பழைய குளிர்காலச் சக்கரம் 18 அங்குலம்.

“இது அதுல போகுமா? இல்ல புதுசா வாங்கணுமா? நீதான் இன்ஜினியராச்சே, பாத்துச் சொல்லும்மா,” என்றார் மாமா.

நான்கு புதிய குளிர்கால டயர்களும் ரிம்களும் வாங்குவது சின்னச் செலவல்ல. மாமாவுக்கு அதை மிச்சப்படுத்திக் கொடுக்கலாம் என்ற ஆசையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன்.

தாளில் எல்லாம் சரி

முதலில் துளைகள். எஃப்-150 சக்கரத்தில் ஆறு துளைகள். ஆறும் ஒரு வட்டத்தின் மேல் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம் 135 மில்லிமீட்டர். இதை 6×135 என்று எழுதுவார்கள். நம் ஊரில் ஓடும் தொயோத்தா ஹைலக்ஸிலும் ஆறு துளைகள்தாம், ஆனால் அதன் வட்டம் 139.7 மில்லிமீட்டர். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் ஏறாது. மாமாவின் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் 6×135தான்.

அடுத்து நடுத்துளை. ஹப்பின் மேல் சக்கரம் உட்காரும் இடம் அது. இரண்டுக்கும் 87.1 மில்லிமீட்டர். அடுத்து ஆஃப்செட், அதாவது சக்கரத்தின் மையக் கோட்டிலிருந்து அது ஹப்பைத் தொடும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. அது மாறினால் டயர் உள்ளே போய் உரசும், அல்லது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் 44 மில்லிமீட்டர்.

கடைசியாக டயரின் உயரம். பழையது 275/65 ஆர்18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. மூன்றாவது, ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 275இல் 65 விழுக்காடு 178.75. மேலும் கீழுமாக இரண்டு பக்கச் சுவர்கள், ஆக 357.5. 18 அங்குலம் என்பது 457.2 மில்லிமீட்டர். மொத்தம் 814.7.

புதியது 275/55 ஆர்20. அதே கணக்கைப் போட்டால் 810.5 மில்லிமீட்டர். ரிம் இரண்டு அங்குலம் வித்தியாசம், ஆனால் டயரோடு சேர்த்துப் பார்த்தால் வெறும் 4.2 மில்லிமீட்டர்தான். அரை விழுக்காடு. வேகமானி 100 காட்டும்போது முன்பைவிட அரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடும், அவ்வளவே.

டயரின் வயதையும் பார்த்தேன். பக்கவாட்டில் 3419 என்று இருந்தது. 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டையின் ஆழம் 7 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டரை நெருங்கிய டயரோடு பனிச் சாலையில் போக வேண்டாம் என்பது கனடா போக்குவரத்துத் துறையின் அறிவுரை. எனவே இன்னும் ஓடும்.

“போகும் மாமா. எல்லாமே மேட்ச்,” என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

மைலோ டின்னில் இருந்தவை

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். மாமா ஞாயிறு இரவு கிளம்ப வேண்டும், திங்கள் காலை ஷிப்ட். வார இறுதியில் பனி பெய்யும் என்று வானிலை அறிக்கை சொன்னது. கராஜில் வண்டியின் இடது பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். சக்கரத்தைக் கழற்றிய நேரத்தில் மாமாவுக்கு வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே உள்ளே போனார்.

அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. உள்ளே 24 நட்டுகள். பழைய வண்டியின் குளிர்கால செட்டுக்கென்று மாமா தனியாக வாங்கி வைத்திருந்தவை. புதிய வண்டியின் நட்டுகள் பளபளவென்று இருந்தன. சாலையில் கொட்டும் உப்பில் அவை ஏன் கெட வேண்டும், பழைய சக்கரத்துக்குப் பழைய நட்டையே போடலாம் என்று நினைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போல இருந்தன.

முதல் நட்டைக் கையால் திருகினேன். ஒன்றரைச் சுற்று போனது, நின்றது. துரு என்று நினைத்து எண்ணெய் தெளித்தேன். மறுபடி திருகினேன். அங்கேயே நின்றது. பக்கத்தில் பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் கன் இருந்தது. அதை வைத்து அழுத்தினேன்.

நட்டு உள்ளே போனது. ஆனால் வந்த சத்தம் நட்டு இறங்கும் சத்தமல்ல. கீச்சென்ற அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டாவது நட்டும் ஒன்றரைச் சுற்றில் நின்றபோதுதான் கை நின்றது. மைலோ டின்னிலிருந்து ஒரு நட்டையும், புதிய வண்டியின் நட்டு ஒன்றையும் எடுத்து விளக்கின் கீழே உள்பக்கத்தைப் பார்த்தேன். மரைகள் ஒன்று போல இல்லை. ஒன்றில் நெருக்கமாகவும் மற்றொன்றில் இடைவெளி விட்டும் இருந்தன.

விவரம் இதுதான். 2004 முதல் 2014 வரை வந்த எஃப்-150இன் ஸ்டட் அளவு எம்14×2.0. அதாவது 14 மில்லிமீட்டர் தடிமன், மரைக்கு மரை 2 மில்லிமீட்டர் இடைவெளி. 2015இல் அலுமினிய உடலோடு வண்டி புதிதாக வடிவமைக்கப்பட்டபோது ஸ்டட்டும் எம்14×1.5 ஆகிவிட்டது. தடிமன் அதே 14. இடைவெளி மட்டும் அரை மில்லிமீட்டர் குறைவு. 12 மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்றில் எட்டு மரை, மற்றொன்றில் ஆறு மரை. முதல் சுற்றில் அரை மில்லிமீட்டர் விலகும், இரண்டாவது சுற்றில் ஒரு மில்லிமீட்டர். அதற்குள் மரையும் மரையும் முட்டிக்கொள்ளும். கை அங்கே நிற்கும். இம்பேக்ட் கன் நிற்காது, மரையை வெட்டிக்கொண்டு போகும்.

நீளமான கம்பி போட்டு அந்த முதல் நட்டைக் கழற்றினேன். அதனுள்ளிருந்து மெல்லிய இரும்புச் சீவல்கள் உதிர்ந்தன. ஸ்டட்டின் முதல் சில மரைகள் மழுங்கிப் போயிருந்தன.

நான் துளையை அளந்தேன், வட்டத்தை அளந்தேன், டயரின் உயரத்தைத் தசமப் புள்ளி வரை கணக்கிட்டேன். சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் அந்த ஒரே பொருளை மட்டும் பார்க்கவில்லை.

இருபது நிமிடம்

இதற்குப் பின் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாமா இன்னும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். சக்கரத்தை மாட்டி, புதிய வண்டியின் சரியான நட்டுகளைப் போட்டேன். ஐந்து ஸ்டட்களில் அழகாக இறங்கின. ஆறாவதில் நட்டு கோணலாக ஏறி நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஆறு நட்டுகள் ஆறு இடத்தில் இருந்தன. யாருக்கும் தெரியாது.

மூளை உடனே வக்கீல் வேலை பார்க்கத் தொடங்கியது. ஐந்து இருக்கிறதே, போதாதா? ஐந்து நட்டில் ஓடும் கார்கள் எத்தனையோ இருக்கின்றனவே? மாமா திரும்பி வந்த பிறகு சரி செய்துகொள்ளலாமே?

ஆனால் நான் படித்த பாடம் வேறு சொன்னது. சக்கரத்தைத் தாங்குவது ஸ்டட்டின் தடிமன் மட்டுமல்ல. நட்டுகள் இறுகும்போது ஸ்டட்கள் கம்பிச் சுருள் போல மிக மிக லேசாக நீள்கின்றன. அந்த இழுவிசை சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தில் உண்டாகும் உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. ஆறு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியதை ஐந்து பேர் பிடித்தால் பக்கத்து இருவர் மேல் பாரம் கூடும். ஐந்து நட்டு வண்டி ஐந்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. இது ஆறுக்கென்று செய்யப்பட்டது. அதோடு இது இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி. காடு, இருட்டு, ஐஸ், 430 கிலோமீட்டர்.

அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்தார். “முடிஞ்சிருச்சாம்மா? இந்த மனுஷன் பனியில கிளம்புறப்பல்லாம் போய்ச் சேந்து மெசேஜ் போடுற வரைக்கும் எனக்குத் தூக்கமே வராது,” என்று சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் உள்ளே போய் மாமாவின் முன் நின்றேன். “மாமா, ஒரு ஸ்டட்டைக் கெடுத்துட்டேன்,” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் கராஜுக்கு வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மைலோ டின்னைப் பார்த்தார். இரண்டு நட்டுகளையும் கையில் வைத்து உருட்டினார்.

“எல்லாம் மேட்ச்னு சொன்ன.”

“இதைப் பாக்கல மாமா.”

“நானும் பாக்கல. டின்ன வச்சது நான்தானே.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “எங்க சைட்டுல தப்பு பண்றவன வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. மறைக்கிறவனத்தான் அனுப்புவாங்க. அதுக்குக் காரணம் இருக்கு.”

காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

கையால் மூன்று சுற்று

மறுநாள் சனிக்கிழமை காலை தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரிடம் போனோம். பிரேக் காலிப்பரையும் டிஸ்க்கையும் கழற்றி, கெட்ட ஸ்டட்டைச் சுத்தியலால் தட்டி வெளியேற்றி, புதியதை இழுத்துப் பொருத்தினார். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. பணத்தை நான் கொடுக்கிறேன் என்றேன். மாமா காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான்கு சக்கரங்களையும் புதிய வண்டியின் நட்டுகளோடு மாட்டினோம். இந்த முறை மாமா ஒரு விதி வைத்தார். ஒவ்வொரு நட்டும் முதலில் விரலால் மூன்று சுற்றாவது சுகமாகப் போக வேண்டும். போகாவிட்டால் கழற்று. அதுவரை இம்பேக்ட் கன்னைத் தொடக்கூடாது. “கைக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாது,” என்றார்.

இறுக்கும் வேலைக்கு டார்க் ரென்ச். எஃப்-150க்குச் சொல்லப்பட்ட அளவு 204 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 42 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விசை அது. ஒரு நட்டுக்கு அடுத்த நட்டு என்று சுற்றி வராமல், எதிரெதிராகத் தாவித் தாவி இறுக்கினோம். அப்போதுதான் சக்கரம் ஹப்பில் சமமாக உட்காரும்.

ஒரு குறை மட்டும் மிஞ்சியது. பழைய சக்கரங்களுக்குள் இருந்த காற்றழுத்த உணரிகளின் மின்கலம் தீர்ந்துவிட்டது. அதைப் பிரித்து மாற்ற முடியாது, உணரியையே மாற்ற வேண்டும். அதனால் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த வசதி இல்லாதபோது காற்றைக் கையால்தான் அளக்க வேண்டும். அங்கே அது சின்ன விஷயமல்ல. படிவம் நான்கில் படித்த கே-லுசாக் விதி நினைவிருக்கிறதா? 15 டிகிரி கராஜில் 35 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெளியே மைனஸ் 25 டிகிரியில் என்ன காட்டும்? வளிமண்டல அழுத்தம் 14.7ஐக் கூட்டி, கெல்வினில் 248ஐ 288ஆல் வகுத்துப் பெருக்கி, மீண்டும் 14.7ஐக் கழியுங்கள். ஏறத்தாழ 28. டயரில் ஓட்டையே இல்லாமல் 7 பி.எஸ்.ஐ. காணாமல் போகும். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்த விதியை, பனியில் மண்டியிட்டுக் கையில் அளவியோடு பார்த்தபோதுதான் நம்பினேன்.

நம் ஊருக்கும் இது பாடம்தான்

நமக்குப் பனி இல்லை. ஆனால் ரிம் மாற்றும் ஆசை நிறைய இருக்கிறது. நண்பனின் பழைய ரிம்மை வாங்கி மாட்டும் முன் துளை எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். வட்டத்தின் விட்டம், நடுத்துளை, ஆஃப்செட், உள்ளே பிரேக்குக்கு இடம் இருக்கிறதா என்பவற்றைப் பாருங்கள். பிறகு நட்டைப் பாருங்கள். தொயோத்தா, ஹோண்டா கார்களில் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். நிசான், சுசுகி கார்களில் 1.25. வித்தியாசம் கால் மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். நட்டின் முகமும் முக்கியம். ஹோண்டாவின் மூல ரிம்முக்கு உருண்டை முகம் கொண்ட நட்டு. கடையில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு முகம். மாற்றிப் போட்டால் இறுகியது போல இருக்கும், ஆனால் முழுமையாக உட்கார்ந்திருக்காது.

பொறியியல் படிக்கும் நண்பர்களுக்கு இன்னொன்று. நான்கு அளவுகள் சரியாக இருந்தால் ஐந்தாவதும் சரியாக இருக்கும் என்று மனம் தானே முடிவு கட்டிவிடும். என் நோட்டுப் புத்தகத்தில் இருந்த எல்லாக் கணக்கும் சரியானவை. இல்லாத கணக்கில்தான் தவறு இருந்தது.

ஞாயிறு இரவு பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மாமா கிளம்பும்போது டார்க் ரென்ச்சை எடுத்துப் பின் இருக்கையில் வைத்தார். சக்கரம் மாட்டிய 160 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று வண்டியின் கையேடு சொல்கிறது. அத்தை உறங்கவில்லை. நானும் உறங்கவில்லை. இருவரும் கூடத்தில் உட்கார்ந்து எதையோ தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நள்ளிரவுக்குச் சற்று முன் என் கைப்பேசி ஒலித்தது. வழியில் ஏதோ ஒரு பெட்ரோல் நிலையத்தின் வெளிச்சத்தில் எடுத்த படம். பனி படிந்த சக்கரம், அதன் மேல் டார்க் ரென்ச். கீழே மாமா எழுதியிருந்தார்: “24ம் டைட். போய்த் தூங்குங்க.”